பாட்டிக்கும் பேரனுக்கும் ஏன் சண்டை? பல்லாங்குழியில் ‘புதையல்’ எடுக்கும் விதிகள்

கோலா குபு பாருவிலிருந்து மலைச்சாலையில் ஏறி, தி கேப் வழியாக மறுபக்கம் இறங்கினால் பகாங் மாநிலத்தின் ரவுப் நகரம் வரும். மலாயாவில் தங்கத்துக்குப் பெயர் போன ஊர் அது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வில்லியம் பிப்பி 1889-இல் அங்கே தங்கச் சுரங்க வேலையைத் தொடங்கினார். ஊர்ப் பெயருக்கு உள்ளூரில் ஒரு கதை சொல்வார்கள். கையால் அள்ளுவதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததாம் அந்தப் பெயர். அள்ளிய ஒவ்வொரு கை மணலிலும் தங்கம் இருந்ததாம்.

மலைக்கு இந்தப் பக்கம் கிடைத்தது ஈயம். சுரங்க மணல் ஆற்றை நிரப்பி, வெள்ளம் அடிக்கடி ஊருக்குள் வந்ததால்தான் பழைய கோலா குபு கைவிடப்பட்டு, இன்றைய ‘பாரு’ உருவானது. தங்கமும் ஈயமும் தோட்டத் தொழிலாளர் கைக்கு வந்து சேரவில்லை. ஆனாலும் கை நிறைய அள்ளி, குழி குழியாகப் போட்டு, கடைசியில் ‘புதையல்’ எடுக்கும் ஒரு விளையாட்டு லயத்து வாசல்களில் நெடுங்காலம் இருந்தது. அதுதான் பல்லாங்குழி.

இப்போது அதற்கு வந்திருக்கும் சிக்கல் வேறு வகையானது. பலகை கிடைக்கிறது. கைவினைப் பொருள் கடையில் வாங்கலாம். ஆட ஆளும் இருக்கிறார்கள். விதிதான் ஒத்துப்போவதில்லை. பேரனும் பேத்தியும் பள்ளியில் மலாய் நண்பர்களுடன் ‘சோங்காக்’ ஆடிப் பழகியிருப்பார்கள். பாட்டி தோட்டத்தில் கற்ற பல்லாங்குழியை ஆடுவார். இருவரும் ஒரே பலகையின் முன் உட்கார்ந்தால் மூன்றாவது ஆட்டத்திலேயே “பாட்டி, நீங்க ஏமாத்துறீங்க” என்ற பேச்சு வந்துவிடும். ஏமாற்று எதுவும் இல்லை. இருவரும் ஆடுவது இரண்டு வேறு விளையாட்டுகள்.

தோட்டங்கள் துண்டாகி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்துக் குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் பிரிந்த பிறகு, எந்த வீட்டு விதி எது என்று சொல்ல மூத்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். அதனால் பல்லாங்குழியின் அடிப்படை விதிகளை இங்கே முழுமையாகத் தருகிறோம். இதை வைத்து இன்று இரவே ஆடலாம். உங்கள் வீட்டு விதி எங்கே மாறுபடுகிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

என்ன வேண்டும்?

இரண்டு வரிசை, வரிசைக்கு 7 குழி, மொத்தம் 14 குழி. ‘பதினாலாங்குழி’ என்பதே பல்லாங்குழி என மருவியது என்பார்கள். பலகை இல்லையென்றால் முட்டை அடுக்கும் தட்டை வெட்டிக்கொள்ளலாம். மண் தரையில் கையால் குழி பறித்தாலும் போதும்.

குழிக்கு 5 காய் என்றால் 70 காய் தேவை. புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி, சிறு கூழாங்கல் எதுவானாலும் சரி. குழிக்கு 4 அல்லது 6 போட்டு ஆடும் வீடுகளும் உண்டு. முதன்முறை கற்பவர்களுக்கு 5 வசதியானது.

இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டும். உங்கள் பக்கத்து 7 குழி உங்களுடையது, எதிர்ப்பக்கத்து 7 குழி அவருடையது. எடுத்த காய்களை வைக்கப் பலகையில் தனிக் குழி தேவையில்லை. மடியிலோ ஒரு கிண்ணத்திலோ போட்டுக்கொள்ளலாம்.

எப்படி ஆடுவது?

1. உங்கள் குழிகளில் ஏதேனும் ஒன்றிலுள்ள காய்கள் முழுவதையும் அள்ளுங்கள். வலப்பக்கமாக, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே செல்லுங்கள். உங்கள் வரிசை முடிந்தால் எதிராளியின் வரிசையில் தொடர்ந்து சுற்றி வாருங்கள். எந்தக் குழியையும் தாண்டக் கூடாது.

2. கையிலுள்ள கடைசிக் காயைப் போட்டதும், அதற்கு அடுத்த குழியைப் பாருங்கள். அதில் காய் இருந்தால் முழுவதையும் அள்ளி, மறுபடியும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். அந்தக் குழி யாருடையதாக இருந்தாலும் அள்ளலாம்.

3. அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அந்தக் குழியை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இதுதான் புதையல். அதோடு உங்கள் முறை முடிந்தது.

4. அடுத்தடுத்து இரண்டு குழிகள் வெறுமையாக இருந்தால் எதுவும் கிடைக்காது. முறை எதிராளிக்குப் போய்விடும்.

5. ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் காய் ஏறி ஏறிச் சரியாக 4 ஆனால் அது ‘பசு’. அந்தக் குழி யார் பக்கம் இருக்கிறதோ அவர் அந்த நான்கையும் உடனே எடுத்துக்கொள்ளலாம். எதிராளி ஆடிக்கொண்டிருக்கும்போதும் இது பொருந்தும். கவனிக்காமல் விட்டு ஐந்தாவது காய் விழுந்துவிட்டால் பசு போனது போனதுதான்.

6. முறை வந்தவரின் பக்கத்தில் ஒரு காயும் இல்லையென்றால் அந்தச் சுற்று முடிந்தது. பலகையில் மிஞ்சிய காய்கள் எதிராளிக்குச் சேரும்.

மூன்று முறை ஆடிப் பார்ப்போம்

விதியைப் படித்தால் தலை சுற்றும். காயை வைத்து ஆடினால் ஐந்து நிமிடத்தில் புரியும். முதலில் ஆடுபவரின் குழிகளுக்கு இடமிருந்து வலமாக 1 முதல் 7 வரை எண் வைத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் குழிகள், அவருக்கு இடமிருந்து வலமாக 8 முதல் 14 வரை. எல்லாவற்றிலும் 5 காய்.

முதலாமவர் 1-ஆம் குழியை அள்ளுகிறார். 2 முதல் 6 வரை போட்டதும் கை காலி. அடுத்த 7-ஆம் குழியை அள்ளி 8 முதல் 12 வரை போடுகிறார். அடுத்து 13-ஐ அள்ளி 14, 1, 2, 3, 4 எனப் போடுகிறார். அடுத்து 5-இல் உள்ள ஆறு காய்களை 6 முதல் 11 வரை போடுகிறார். அடுத்து 12-இல் உள்ள ஆறு காய்களை 13, 14, 1, 2, 3, 4 எனப் போடுகிறார். இப்போது அடுத்த குழியான 5 வெறுமை. துடைத்துவிட்டு 6-ஆம் குழியைப் பார்த்தால் 7 காய். அதுதான் முதல் புதையல்.

இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. தொடக்கத்தில் எல்லாக் குழியிலும் ஒரே அளவு இருப்பதால், முதலாமவர் எந்தக் குழியில் தொடங்கினாலும் கிடைப்பது அதே 7 காய்தான். முதல் முறையில் லாபம் மாறாது. மாறுவது எதிராளிக்கு எதை விட்டுவைக்கிறோம் என்பது மட்டுமே. நல்ல ஆட்டக்காரர் அதைப் பார்த்துத்தான் தொடங்குவார்.

இப்போது பலகை இப்படி இருக்கும். முதலாமவர் பக்கம்: 2, 8, 8, 8, 0, 0, 1. எதிராளி பக்கம்: 7, 7, 7, 7, 0, 1, 7.

எதிராளியின் கண் ஏழு காய் இருக்கும் குழிகள் மேல்தான் போகும். அவர் தம் நடுக்குழியான 11-ஐ அள்ளினால் 12, 13, 14, 1, 2, 3, 4 என ஏழும் தீர்ந்துவிடும். அடுத்த 5 வெறுமை, அதற்கடுத்த 6-உம் வெறுமை. ஏழு காயை அள்ளிப் போட்டும் கிடைத்தது ஒன்றுமில்லை.

அதற்குப் பதிலாக, ஒரே ஒரு காய் இருக்கும் 13-ஆம் குழியை எடுத்தால்? அந்தக் காய் 14-இல் விழும். அடுத்த 1-ஆம் குழியின் இரண்டு காய்களை 2, 3-இல் போட வேண்டும். அடுத்த 4-ஆம் குழியின் எட்டுக் காய்களை 5 முதல் 12 வரை போட வேண்டும். அடுத்த 13 வெறுமை. அதற்கடுத்த 14-இல் 8 காய்! ஒற்றைக் காயில் தொடங்கி எட்டுக் காய்ப் புதையல்.

பலகை இப்போது: முதலாமவர் பக்கம் 0, 9, 9, 0, 1, 1, 2. எதிராளி பக்கம் 8, 8, 8, 8, 1, 0, 0.

முதலாமவர் தம் 5-ஆம் குழியின் ஒற்றைக் காயை எடுத்தால், சுற்றி வந்து முடிவில் 2 காய் கிடைக்கும். 6-ஆம் குழியின் ஒற்றைக் காயை எடுத்தால் அது 7-இல் விழுந்து அங்கே மூன்றாகும். அடுத்து 8-ஐ அள்ளி 9 முதல் 2 வரை போடுகிறார். அடுத்து 3-இல் உள்ள ஒன்பது காய்களை 4-இலிருந்து போட்டுக்கொண்டு வரும்போது 7-ஆம் குழியில் நான்கு சேர்கிறது. பசு! நான்கையும் எடுத்துவிட்டு, மீதியை 12 வரை போடுகிறார். அடுத்து 13-இன் ஒரு காய் 14-க்கு, அடுத்து 1-இன் ஒரு காய் 2-க்கு. அடுத்த 3 வெறுமை, 4-இல் ஒரு காய். ஆக 5 காய் லாபம்.

அருகருகே இருந்த இரண்டு ஒற்றைக் காய்களில் ஒன்று 2 தந்தது, இன்னொன்று 5 தந்தது. பெரிய குவியலை அள்ளினால் பெரிய லாபம் என்ற கணக்கு இங்கே செல்லாது. கைவிரலால் எண்ணாமல் மனக்கணக்காக முன்கூட்டியே போட்டுப் பார்ப்பவருக்குத்தான் புதையல்.

தோற்றவருக்குக் கதவு சாத்தப்படுமா?

ஒரு சுற்றோடு ஆட்டம் முடிவதில்லை. பல்லாங்குழியின் உயிரே இரண்டாவது சுற்றில்தான் இருக்கிறது.

முதல் சுற்றில் ஒருவருக்கு 42, மற்றவருக்கு 28 என்று வைத்துக்கொள்வோம். வென்றவர் தம் 7 குழிகளிலும் ஐந்தைந்து போட்டு 35 வைப்பார். 7 காய் அவரிடம் மிச்சம் இருக்கும். தோற்றவர் 28 காயில் 5 குழிகளைத்தான் நிரப்ப முடியும். 3 காய் மிச்சம். அவருடைய இரண்டு குழிகள் மூடப்படும். மூடிய குழியில் ஒரு குச்சியையோ ஈர்க்கையோ வைத்து அடையாளம் செய்வார்கள். அந்தச் சுற்று முழுவதும் இருவரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆனால் கதவு நிரந்தரமாகச் சாத்தப்படுவதில்லை. அதே தோற்றவர் இரண்டாவது சுற்றில் 32 காய் எடுத்தால், மிச்சமிருந்த 3 சேர்ந்து 35 ஆகிவிடும். ஏழு குழிகளும் திறந்துவிடும். ஒரு குழியைக்கூட நிரப்ப முடியாத நிலை வந்தால்தான் ஆட்டம் முழுதாகத் தோல்வி.

அதற்கும் சில வீடுகளில் ஒரு கடைசி வாய்ப்பு வைத்திருக்கிறார்கள். கையில் ஐந்துக்கும் குறைவான காயே இருந்தால், குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆட விடுவார்கள். எதிராளியும் குழிக்கு ஒன்றுதான் போட வேண்டும். இதற்குப் பெயர் ‘கஞ்சி காய்ச்சுவது’. சோற்றுக்கு வழியில்லாதபோது கஞ்சியாவது குடித்து எழுந்து வா என்று சொல்லும் விதி இது. வென்றவரும் சேர்ந்து கஞ்சி காய்ச்ச வேண்டும் என்பது கவனிக்கத்தக்கது. மாதச் சம்பளம் பிடித்தம் போக எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் பார்த்தே வாழ்ந்த தோட்டத்து மக்களுக்கு இந்தப் பெயரை யாரும் விளக்கத் தேவையில்லை.

சோங்காக் எங்கே மாறுகிறது?

1989-இல் வெளிவந்த நம் நாட்டின் 10 சென் நாணயத்தை வீட்டில் தேடிப் பாருங்கள். அதன் பின்பக்கத்தில் இருப்பது சோங்காக் பலகை. 2012-இல் புதிய நாணயங்கள் வரும்வரை நாம் எல்லாரும் பையில் வைத்திருந்தது அதுதான்.

இரண்டு விளையாட்டும் ஒரே குடும்பம். இந்தோனேசியாவிலும் பிலிப்பீன்ஸிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் இதற்கு உறவுக்கார ஆட்டங்கள் உண்டு. இலங்கையில் சிங்களவர் புத்தாண்டுக் காலத்தில் ஆடும் ‘ஒலிந்த’ ஆட்டம் குன்றிமணியின் சிங்களப் பெயரால் அழைக்கப்படுகிறது. ஆனால் உறவு என்பதால் விதி ஒன்றாகிவிடாது. பாட்டியும் பேரனும் முட்டிக்கொள்ளும் இடங்கள் இவை:

- சோங்காக் பலகையின் இரு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி, அதாவது ‘வீடு’ உண்டு. சுற்றி வரும்போது சொந்த வீட்டிலும் ஒரு காய் போட வேண்டும். பல்லாங்குழியில் வீடு இல்லை.
- சோங்காக்கில் வழக்கமாகக் குழிக்கு 7 காய், மொத்தம் 98. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். பல்லாங்குழியில் ஒருவர் முடித்த பிறகே மற்றவர்.
- பல்லாங்குழியில் வலப்பக்கம் சுற்றுகிறோம். சோங்காக்கில் வழக்கமாக இடப்பக்கம்.
- சோங்காக்கில் கடைசிக் காய் விழுந்த அதே குழியில் ஏற்கெனவே காய் இருந்தால் அதை அள்ளித் தொடர வேண்டும். பல்லாங்குழியில் அடுத்த குழியை அள்ள வேண்டும். பெரும்பாலான சண்டைகள் இந்த ஒரு வேறுபாட்டில்தான் பிறக்கின்றன.
- சோங்காக்கில் கடைசிக் காய் உங்கள் பக்கத்து வெறுங்குழியில் விழுந்தால், அதற்கு நேர் எதிரே இருக்கும் எதிராளியின் காய்கள் உங்களுக்கு. பல்லாங்குழியில் வெறுங்குழிக்கு அடுத்த குழி உங்களுக்கு.
- பசு என்பது சோங்காக்கில் இல்லை.

காயும் தங்கமும்

பல்லாங்குழிக் காய்க்கும் தங்கத்துக்கும் உண்மையிலேயே ஓர் உறவு இருக்கிறது. காயாகப் பயன்படும் மஞ்சாடியும் குன்றிமணியும் பொற்கொல்லரின் எடைக்கற்களாக இருந்தவை. ஒவ்வொரு விதையும் ஏறக்குறைய ஒரே எடையில் இருப்பதால் தங்கத்தை அவற்றால் நிறுத்தார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது பழைய கணக்கு. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் கொடுத்த பொன் நகைகளின் எடையைக் கல்வெட்டுகள் கழஞ்சிலும் மஞ்சாடியிலும்தான் சொல்கின்றன.

அந்த மஞ்சாடியை நாம் தினமும் வேறு பெயரில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மலாயில் அது ‘சாகா’. 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் காருக்கு வைத்த பெயர் அந்த விதையுடையதுதான். சாலையோரச் சாகா மரத்தடியில் சிவப்பாகக் கொட்டிக் கிடக்கும் விதைகளைப் பொறுக்கினால் ஒரு பலகைக்குத் தேவையான காய் காசில்லாமல் கிடைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. பாதி சிவப்பும் பாதி கறுப்புமாக இருக்கும் குன்றிமணி நஞ்சுள்ளது. கடித்தோ மென்றோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைக் காயாகப் பயன்படுத்த வேண்டாம். எந்த விதையானாலும் வாயில் போடும் வயதுக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

ஆடுவதற்கு முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

மேலே சொன்னவை எல்லா வீட்டுக்கும் பொதுவான சட்டமல்ல. தமிழ்நாட்டிலேயே பசுப்பாண்டி, காசிப்பாண்டி, கட்டுப்பாண்டி எனப் பல வகைகள் உண்டு. ஒருவர் மட்டுமே ஆடும் சீதைப்பாண்டியும் உண்டு. வெவ்வேறு ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் ஒரே லயத்தில் குடியிருந்ததால், பக்கத்துப் பக்கத்து வீட்டிலேயே விதி மாறியிருக்கும். எது சரி என்று வாதாடுவதில் பயனில்லை. ஆட்டம் தொடங்குமுன் இவற்றை ஒத்துக்கொண்டால் போதும்:

1. குழிக்கு எத்தனை காய்?
2. நான்கு சேர்ந்தால் பசு உண்டா? குழிக்குச் சொந்தக்காரருக்கா, ஆடுபவருக்கா?
3. புதையல் எடுக்கும்போது அந்தக் குழி மட்டுமா, அதற்கு நேர் எதிர்க்குழியும் சேர்த்தா?
4. புதையல் எடுத்ததும் முறை முடிந்ததா, அடுத்த குழியிலிருந்து தொடரலாமா?
5. கடைசியில் கஞ்சி உண்டா?

இந்த ஐந்து கேள்விகளை உங்கள் வீட்டுப் பாட்டியிடமோ அத்தையிடமோ கேளுங்கள். கேட்டால் சொல்ல வராது என்று சிலர் நினைக்கலாம். பலகையும் காயும் முன்னால் இருந்தால் கை தானாகவே சொல்லிவிடும். அவர் ஆடுவதைப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். எந்தத் தோட்டத்தில், யாரிடம் கற்றார் என்பதையும் அதோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பலகையோடு சேர்த்தே வையுங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இது கைகொடுக்கும். ஒரே வகுப்பில் பத்துப் பிள்ளைகள் தங்கள் வீட்டு விதியை எழுதி வந்தால் பத்துத் தோட்டங்களின் கதை சேர்ந்துவிடும். ஐந்து ஐந்தாகக் காய் போடும் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்பாடும் கூடவே வந்துவிடும்.

பலகை மரத்தால் ஆனது. உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். விதி ஒருவர் நினைவில் மட்டும் இருந்தால், அவரோடு போய்விடும். வரும் பள்ளி விடுமுறையில் கைப்பேசியைச் சற்று ஓரம் வைத்து, எழுபது காய்களை எண்ணி வையுங்கள். பாட்டி முதலில் ஆடட்டும். அவருக்கு 7 காய் நிச்சயம்.